பக்கத்து வீட்டு மோட்டரும் எங்கள் மீட்டரும்

மதினி,

வாரத்துக்கு ஒரு தடவை, எல்லா உடுப்பையும் சேர்த்து வைத்து அயன் பண்ணும் நாள் இன்று. தண்ணீர் தெளித்த பள்ளிக்கூடச் சட்டையில் சூடு பட்டதும் எழுந்த வாடையில், நீங்கள் பக்கத்தில் நிற்பது போலிருந்தது. கடைசி இரண்டு துண்டை, அயனை அணைத்துவிட்டு மிச்சச் சூட்டிலேயே தேய்த்தேன். உங்களிடம் பார்த்துப் பழகிய வேலை. நீங்கள் மவுத்தாகி, எங்களை விட்டுப் போய்ப் பத்து மாதமாகிறது.

மூத்தவள் பிறந்த வருடத்தை நினைத்துக்கொண்டேன். என்னைக் கட்டிய உங்கள் தம்பிக்குக் கொழும்பில் வேலை. நான் குறிஞ்சிப்பிட்டியில், வாப்பா வீட்டில். வெயிலில் பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. கரண்ட் பில்லோ மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது பில்லைப் பார்த்த வாப்பா கதிரையை விட்டு எழும்பாமலே கேட்டார்: "ராப்பகலா ஃபேன் சுத்தினா பில் சுத்தாம என்ன செய்யும்?"

யூனிட் கூடக்கூட யூனிட்டின் விலையும் கூடும் என்பது படித்த எனக்குத் தெரியாததல்ல. ஒரு ஃபேனால் அவ்வளவு ஏறாது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம். நான் பயந்து ஃபேனை அணைத்தேன். பிறகு ஃப்ரிட்ஜையும் அணைத்தேன், பால் திரைந்தது. கொப்பி மட்டையால் விசிறிக்கொண்டு பிள்ளையோடு சேர்ந்து அழுதேன்.

அப்படியொரு காலையில்தான் புத்தளத்திலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள். வாசலிலேயே தொடங்கிவிட்டீர்கள்.

"என்ன புள்ள, கொழந்தைய அவிச்சு எடுக்கப் போறியா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வீட்டிலிருந்த ஒவ்வொன்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள். எல்லாம் அணைந்திருந்தும் உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்கட ஊட்டுல ஜின் ஏதும் அயன் பண்ணுதா?" என்றீர்கள்.

நான் சிரிக்கவில்லை. சற்றைக்கெல்லாம் பக்கத்து வீட்டில் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மோட்டர் நின்றது. சக்கரமும் நின்றது. நீங்கள் விரலை உயர்த்தி என்னைப் பேசவிடாமல் காத்திருந்தீர்கள். மோட்டர் மீண்டும் இரைந்தது. சக்கரமும் கிளம்பியது.

அந்த வீட்டு மகளின் கல்யாணத்துக்கு, ஊர் வழக்கப்படி, வாப்பாதான் எங்கள் வீட்டிலிருந்து லைன் இழுத்துக் கொடுத்திருந்தார். அவர்களுடைய கரண்ட் பந்தல் லைட்டுக்கு, எங்களுடையது கிணற்று மோட்டருக்கு. கல்யாணம் முடிந்து பந்தலையும் பிரித்தாயிற்று. வயரை யாரும் நினைக்கவில்லை. சமைக்கும் குசினிக்குப் பின்னால் தேங்காய்க் குவியலுக்குள் தொடங்கி, கிடுகு வேலிக்குள் புகுந்து அது அந்தப் பக்கம் போயிருந்தது.

"இப்பவே போய்க் கேக்கிறன்!" என்று எழும்பினேன்.

"என்னண்டு கேப்பாய்? களவெடுத்தீங்களா எண்டா? குடுத்ததும் நாங்க, கழட்ட மறந்ததும் நாங்க."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்களே வேலியடிக்குப் போய், கல்யாணப் பெண்ணின் உம்மாவைக் கூப்பிட்டீர்கள். "சாச்சி, கலியாணத்துக்குத் தந்த வயர எடுக்க மறந்திட்டம். எங்கட பிழை."

சாச்சி வாயில் கை வைத்தார். "அல்லாவே! பில் கொறஞ்சிச்சே, புது மருமகன் வந்த ராசி, அவர்ட பரக்கத்து எண்டெல்லோ நாங்க இருந்தம்!"

"பரக்கத்து மருமகன்டதான் சாச்சி. வயர்தான் எங்கட."

அவர் வெட்கப்பட்டுத் தலைகுனியுமுன் நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அதனால் அவருக்கும் சிரிக்க முடிந்தது. அந்த வருடம் முழுக்க நாங்கள் மிளகாய் விலைக்கு வாங்கவில்லை.

வாப்பாவிடம் நீங்கள் சொன்னது ஒரே வார்த்தை: "ஃபேன் இல்ல, மாமா." வயரைச் சுருட்டி அவர் பார்க்கும் இடத்தில் வைத்தீர்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு, எழும்பிப் போய்த் தன் கையாலேயே ஃபேனைப் போட்டார்.

எத்தனையோ பேர் எனக்குச் சிக்கனம் சொல்லியிருக்கிறார்கள். குற்றவாளியைத் தேடாமல் காரணத்தைத் தேடிய ஆள் நீங்கள் மட்டும்தான். போன வருடம் தண்ணீர்ப் பில் ஏறியபோது நான் யாரையும் ஏசவில்லை. எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டுத் தொட்டியில் கரியால் கோடு போட்டேன். விடிந்து பார்த்தால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மலசலகூடத்தில் சத்தமில்லாமல் ஒழுகியிருக்கிறது.

இந்த மாதக் கரண்ட் பில் நேற்று வந்தது. மறுபடியும் கூடியிருக்கிறது. எனக்குப் பயம்தான், மதினி. அது என்னை விட்டுப் போகவில்லை. சின்னவனுக்கும் வேர்க்குரு. பில்லை மடித்து வைத்துவிட்டு, ஃபேனை அவன் பக்கமாகத் திருப்பிவிட்டேன். நாளை காலை கதிரையைத் தூக்கிக்கொண்டு மீட்டருக்கு முன்னால் போவேன். காரணம் கிடைக்கும்வரை அவனுடைய காற்றில் கை வைக்க மாட்டேன்.