திவசத்தன்று நாங்கள் பூம்ப்ளிஸில் இருக்கமாட்டோம்

என் அருமை அவசரக்கார அப்பாவுக்கு,

நாளை மறுநாள் நாங்கள் ஜப்பானுக்குப் புறப்படுகிறோம். நானும் தம்பியும் மட்டுமில்லை, அம்மாவும் வருகிறார். முதலில் சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு மிச்சத்தை வாசிக்கலாம்.

ஷ்லீரனில் வேலை முடிந்த கையோடு ரயிலேறி வந்து, பூம்ப்ளிஸ் வீட்டில் உங்கள் சாப்பாட்டு மேசையில், திறந்து கிடக்கும் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து எழுதுகிறேன். அம்மா அடுத்த அறையில் ஒரு சட்டியைப் பெட்டிக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறார். இந்தக் கடிதத்தை எழுதாமல் ஒருவரும் வீட்டைப் பூட்டக் கூடாது என்பது அவருடைய உத்தரவு.

ஜப்பான் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நீங்கள் போனபிறகு அம்மா பல மாதம் கடைக்கும் டாக்டரிடமும் தவிர எங்கும் போகவில்லை. யாராவது கூப்பிட்டால் "வருஷம் திரும்பட்டும்" என்பார். ஒருநாள் மத்தியானம் தம்பி தொலைக்காட்சியில் எதையோ தேடப்போய், ஜப்பானில் ஒரு ரயிலின் முன்கண்ணாடி வழியாக எடுத்த நீண்ட வீடியோவைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். பேச்சில்லை, பாட்டில்லை. தண்டவாளம், சுரங்கம், வயல், கடல், அவ்வளவுதான். அம்மா அதை முடியும்வரை பார்த்தார். அடுத்த நாள் அவரே கேட்டுப் போடச் சொன்னார். ஒரு கிழமை கழித்து, "இதிலை ஒருக்கா ஏறிப் பாக்கவேணும்" என்றார்.

அந்த வருஷத்தில் அவர் எங்களிடம் கேட்ட ஒரே விஷயம் அது. எங்காவது ரயிலில் தூரப்பயணம் போவோமா என்று உங்களிடமும் முன்பு கேட்டிருக்கிறாராம். "இங்கை இல்லாத ரயிலோ? பிறகு பாப்பம்" என்றீர்களாம். ஏனப்பா அப்படி? ஒரு தடவையாவது "எங்கே, என்ன" என்று விசாரித்திருக்கலாமே?

நான் விடவில்லை. லாரிகளுக்கு வழி பிரித்து அனுப்புவதுதானே என் வேலை, மூன்று பேரை ஒரு நாட்டைச் சுற்றிக் கொண்டுவருவதா பெரிய காரியம் என்று இருந்தது. அம்மா ஒரே நிபந்தனைதான் போட்டார்: உங்கள் ஆட்டைத் திவசம், அந்த முதல் வருஷத் திவசம், முடியவேண்டும். சித்திரை பிறந்த கிழமையில் நீங்கள் போனீர்கள். ஏப்ரலில் அந்தத் தேதி கழிந்து ஒரு வாரத்தில், தம்பி படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும் புறப்படுவது என்று விமானச் சீட்டு எடுத்தேன். டோக்கியோ, மலைக்கு அந்தப் பக்கம் கனசாவா, பிறகு கியோட்டோ, ஹிரோஷிமா, திரும்ப டோக்கியோ. வரைபடத்தில் ஒரு நல்ல வட்டம்.

பிறகுதான் தெரிந்தது, அங்கும் அதே நாட்களில் நாடு முழுக்க விடுமுறை. இங்கே சுவிஸில் நாங்கள் பழகிப்போனது வேறு மாதிரி. ஸ்டேஷனுக்குப் போவோம், வருகிற ரயிலில் ஏறுவோம், தவறினால் அரை மணியில் அடுத்தது. அங்கே அந்த விடுமுறை வாரத்தில் வேகமான ரயில்களில் பதிந்த இருக்கை இல்லாமல் ஏறவே முடியாது. பெரிய பெட்டி கொண்டுபோனால் அதற்கும் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். முன்பதிவுப் பக்கத்தில் இடம் இருந்தால் வட்டம், குறைவாக இருந்தால் முக்கோணம், இல்லையென்றால் பெருக்கல் குறி. நான் வட்டங்களைத் துரத்தித் துரத்தி ஒவ்வொரு பயணத்துக்கும் மூன்று இருக்கை பிடித்தேன். அம்மாவுக்கு எல்லாம் ஜன்னல் பக்கம். அதை அச்சடித்துத் தம்பியிடம் கொடுத்தபோது எனக்கு இருந்த திமிரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

திவசத்துக்கு ஐயரைப் பேசிவைக்க ஐரோப்பாபிளாட்ஸ் கோயிலுக்கு நான்தான் போனேன். தேதியைச் சொன்னேன். ஐயர் பஞ்சாங்கத்தை எடுத்து விரலை ஓட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அது இங்கிலீஷ் தேதி. திவசம் திதிக்கெல்லோ செய்யிறது? அப்பான்ரை திதி இந்த முறை சித்திரை கடைசியிலைதான் வருது."

கைபேசியில் எங்கள் பயண அட்டவணையைத் திறந்து பார்த்தேன். சித்திரை கடைசி என்றால் மே மாதம். நாங்கள் கியோட்டோவில் இருந்து ஹிரோஷிமாவுக்கு ரயிலேறுகிற அதே நாள்.

இது எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். தமிழ்க் கடையில் நாட்காட்டி வாங்கிவந்து குசினிக் கதவில் கொழுவுவது உங்கள் வேலை. உங்கள் அப்பாவின் திதியைச் சிவப்புப் பேனாவால் சுற்றி வைப்பதும் நீங்கள்தான். இந்த வருஷம் அதை வாங்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் தேதி என்றால் தேதிதான் என்று இருந்துவிட்டேன். அம்மாவோ, நான் ஐயரிடம் கேட்டுத்தான் சீட்டு எடுத்திருப்பேன் என்று நம்பியிருந்தார்.

தம்பி அன்றே ரத்துச் செய்யச் சொன்னான். முதல் திவசம், கொள்ளி வைத்த மகன் ஊர் சுற்றப் போனான் என்று சனம் கதைக்கும் என்றான். சனமா வந்து அம்மாவோடு இருக்கிறது என்று நான் கேட்டேன். நல்ல சண்டை, அப்பா. அவன் சுவிஸ் ஜெர்மனுக்கு மாறினால் உண்மையான கோபம் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மாறினான், நானும் மாறினேன். தான் நின்று திவசத்தைச் செய்வதாகவும் நாங்கள் இருவரும் போகலாம் என்றும் கடைசியில் இறங்கி வந்தான். அதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. திவசத்துச் சமையலைத் தானில்லாமல் யார் செய்வது என்று கேட்டார். தவறினால் அமாவாசையில் செய்யலாம் என்று ஐயரும் ஒரு வழி சொன்னார்தான். தெரிந்துகொண்டே தவறவிடுவதா என்று அதையும் அம்மா ஏற்கவில்லை.

"நான் வரேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ." அதோடு அம்மா பேச்சை முடித்துக்கொண்டார்.

மறுநாள் வந்து பார்த்தால், அவர் பயணத்துக்கு வாங்கிய நடைச் சப்பாத்து அதன் பெட்டிக்குள் திரும்பிப் போய்விட்டது. தொலைக்காட்சி அணைந்திருந்தது. எனக்கு அதுதான் பயம், அப்பா. சீட்டுப் போனால் போகட்டும், வட்டம் போனால் போகட்டும். இந்த ஒன்றையும் நாங்கள் இல்லையென்று சொல்லிவிட்டால் அம்மா இனி எதையுமே கேட்கமாட்டார். உங்களோடு சேர்த்து அவரையும் இந்த வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதாக ஆகிவிடும்.

வேலைத்தலத்தில் லாரி ஒன்று பாசெலுக்குப் போக வேண்டியது பழுதாகி நிற்க, நான் திரையின் மறுபக்கத்தில் ஜப்பான் ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹிரோஷிமா பயணத்தை ஒருநாள் முன்னே தள்ளலாமா? பெருக்கல் குறி. பின்னே? பெருக்கல் குறி. காலை, மாலை, எல்லாம் அதே குறி. விடுதிகளும் அப்படித்தான். மேலாளர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை நேராகக் கேட்டேன். சனத்துக்குப் பயமா, சாமிக்குப் பயமா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அவர் வருவார், பிள்ளை. வந்து பூட்டின கதவைப் பாத்திட்டு பசியோடை திரும்பிப் போவார். எனக்கு அது ஏலாது. மற்றபடி எனக்கு ஆசை இல்லாமல் இல்லை."

நான் இவற்றையெல்லாம் நம்புகிறவள் இல்லை. உங்களோடு இதே மேசையில் எத்தனை தடவை இதற்காக வாதாடியிருக்கிறேன். ஆனால் அம்மா சொன்னபோது, மூன்றாம் மாடியில், மணியை அடித்துவிட்டு நீங்கள் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பது எனக்கும் தெரிந்தது. நானும் இருந்து கீரையை ஆய்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் தேடிய விதம் மாறியது. ஹிரோஷிமாவுக்குப் போகும் வழியை விட்டுவிட்டு, திவசம் செய்யக்கூடிய இடத்தைத் தேடினேன். சமையலறை உள்ள வீடு வேண்டும், பக்கத்தில் கடல் வேண்டும், அம்மாவின் முழங்காலுக்குப் படி கூடாது. யாரோ முன்பதிவை ரத்துச் செய்ததால் ஒரு வீடு கிடைத்தது. ஒனோமிச்சி என்று ஹிரோஷிமாவுக்கு முன்னால் ஒரு சிறிய துறைமுக ஊர். இரண்டு இரவு தங்கலாம்.

வீட்டு விதிகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சப்பாத்தைக் கழற்றவேண்டும், குப்பையைப் பிரிக்கவேண்டும், சாப்பாட்டை முற்றத்தில் வைக்கக் கூடாது, வைத்தால் காகங்கள் கூட்டமாக வந்துவிடும்.

அம்மா நிமிர்ந்தார். "காகம் வருமோ?"

"ஓம். சரியான தொல்லையாம்."

"அப்ப அந்த வீட்டைப் பிடி."

தம்பி இதைக் கேட்டுச் சிரித்தான். சண்டைக்குப் பிறகு முதல் தடவை. ஆனாலும் விதியை மீறுவது எனக்குச் சரியாகப் படாததால் வீட்டுக்காரப் பெண்ணுக்கு விபரமாக எழுதினேன். தன் வீட்டிலும் இறந்துபோன மாமனாரின் படத்துக்கு முன்னால் தினமும் சோறு வைப்பதாகவும், ஒரு பிடி சோறு என்றால் பரவாயில்லை, தட்டை உடனே உள்ளே எடுத்துவிடும்படியும் பதில் வந்தது. ஐயரும் உதவிக்கு வந்தார். அங்கே மத்தியானம் என்றால் இங்கே விடிவதற்கு முன்பு. எழும்பித் தொலைபேசியில் நின்று தம்பிக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கறுத்த எள் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கிறது. கத்தரிக்காய், பூசணிக்காய், வெண்டிக்காய் எல்லாம் உண்டா என்று அம்மா ஒவ்வொன்றாக என்னைத் தேடவைத்தார். உண்டு. வாழைக்காய்தான் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் என் கையில் இல்லை, அப்பா. திதிக்கு முதல்நாள் நாங்கள் ஒனோமிச்சிக்குப் போய்ச் சேரவேண்டும். பதிந்த இருக்கை ஒன்றும் கிடைக்கவில்லை. மிச்சம் இருப்பது ஒசாகாவில் புறப்பட்டு ஒவ்வொரு நிலையத்திலும் நின்று போகிற மெதுவான ரயில். அதில் பதியாதவர்களுக்கான பெட்டிகள் உண்டு. விடுமுறையில் அந்தப் பெட்டிகளுக்கு மேடையில் எவ்வளவு தூரம் வரிசை நிற்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எங்கள் பயணப் பெட்டிகளை முன்கூட்டியே அனுப்பிவிடலாம், அங்கே அதற்கென்றே ஒரு சேவை இருக்கிறது. ஆனால் திவசத்துக்குச் சமைக்கிற சட்டியைக் கையில்தான் கொண்டுபோவேன் என்று அம்மா நிற்கிறார். முழங்கால் வலியோடு, சட்டியோடு, அந்தக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பார்? ஏறமுடியாமல் போனால்? அங்கே போய்ச் சேராமல் எங்காவது ஒரு மேடையில் திதி கழிந்துபோனால்? இரண்டாவது வழி, மூன்றாவது வழி எல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். ஆனாலும் கைபேசியில் அதே முன்பதிவுப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கிறேன்.

போன கிழமை அம்மா அதைக் கண்டுகொண்டார். "நிண்டுகொண்டு போனாலும் நான் வாறன். அவர் பிறகு பிறகு எண்டார். எனக்கு இனிப் பிறகு இல்லை" என்றார். பிறகு, உங்களுக்கு இடம் மாறியதை முறையாக அறிவிக்கச் சொன்னார். நீங்கள் படித்த மனுசன், எழுத்தில் வந்தால்தான் நம்புவீர்களாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆகவே அப்பா, கவனமாகக் கேளுங்கள். அந்தத் திதியில் பூம்ப்ளிஸுக்குப் போகவேண்டாம். அங்கே ஒருவரும் இருக்கமாட்டோம், கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஒனோமிச்சி ஸ்டேஷனில் இறங்கினால் வாசலிலேயே கடல் தெரியும். கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்து வாருங்கள். சாம்பல் நிற ஓடு போட்ட வீடு, பின்னால் சின்ன முற்றம். மொழி தெரியாதே என்று யோசிக்கவேண்டாம். சாம்பார் மணம் வரும் வீடு அந்தத் தெருவில் வேறு இருக்காது.

உச்சிக்கு முன்னால் படைத்துவிடுவோம். அம்மா சமைப்பார், தம்பி படைப்பான். நீங்கள் சாப்பிட்டு முடியும்வரை அம்மா தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

சாப்பிட்டதும் போய்விடாதீர்கள். அடுத்தநாள் காலை அங்கிருந்து ஹிரோஷிமாவுக்குப் போகிறோம். அது ஊர் ரயில். அதில் ஒருவரும் இருக்கை பதிவதில்லை, முதலில் ஏறுகிறவருக்கு இடம். அம்மாவை ஜன்னல் பக்கம் இருத்துவேன். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்து, யார் கேட்டாலும் ஆள் வருகிறது என்று சொல்லுவேன். சத்தியமாக எடுக்கமாட்டேன், அப்பா. நீங்கள் வந்து இருங்கள்.

சண்டைக்காரி என்று நீங்கள் பெயர் வைத்த,
உங்கள் மூத்த மகள்