அடுத்த பஸ் அண்ணியின் கடிகாரம்

மார்ச் 4, செவ்வாய்

மொட்டை மாடி அறை. ரேடியோவில் சீட்டிச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருக்கிறது, என் காதாலேயே கேட்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் மட்டும் ஒரு எழுத்து இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது.

இது வாயால் பேசுகிற ரேடியோ அல்ல. கம்ப்யூட்டர் பதினைந்து விநாடி சீட்டி அடிக்கும். அடுத்த பதினைந்து விநாடி வாயை மூடிக்கொண்டு கேட்கும். கேட்ட சீட்டியை எழுத்தாக்கித் திரையில் போடும்: யார் கூப்பிடுகிறார், எங்கேயிருந்து. குரல் எட்டாத தூரத்துக்கெல்லாம் இந்தச் சீட்டி எட்டும். இதற்கான லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸானேன், நாற்பத்தாறு வயதில். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

பேசுவதெல்லாம் அறையைப் பற்றி. உடற்பயிற்சிச் சாமான் போட இந்த அறை வேண்டுமாம் கொழுந்தனுக்கு. ராத்திரிச் சாப்பாட்டின்போது பஞ்சாயத்து வைத்தான். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருத்தராவது உனக்குப் பதில் சொன்னா ரூம் உனக்கு. இல்லேன்னா தம்பிக்கு."

"அண்ணிக்கு மாசக் கடைசின்னா அடுத்த மாசம் பத்தாம் தேதி," என்றான் கொழுந்தன்.

இந்த வீட்டில் எனக்கு 'அடுத்த பஸ் அண்ணி' என்று பெயர். எங்கே கிளம்பினாலும் ஒரு பஸ்ஸைக் கோட்டைவிட்டு அடுத்ததில் வருகிறவள். உண்மைதான். உண்மையென்றால் சொல்லிக்காட்ட வேண்டுமா?

மார்ச் 6, வியாழன்

ஒன்றுமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ரேடியோ கிளப் செயலாளருக்குப் போன் செய்தேன். "ஆன்டெனா சரியில்லம்மா. கழட்டி இன்னும் உயரத்துல கட்டுங்க" என்றார். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, கம்பியோடு மல்லுக்கட்டி, கட்டி முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. சீட்டி முன்பைவிட நன்றாகக் கேட்கிறது. திரை? அதே காலித் தட்டு.

மறுபடி போன். "அப்போ ரேடியோலதான் ஏதோ கோளாறு. உங்களுக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி?"

உங்களுக்கு எதுக்கும்மா! இதையே ஒரு ஆம்பளகிட்ட சொல்லியிருப்பாரா? வந்த கோபத்துக்குப் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். உடைந்தால் என் போன்தானே, மெதுவாக வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பல் கிளினிக்கில் என் வேலையே மற்றவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது. இன்று நானே லேட். டாக்டர் சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

எனக்குப் புரியவில்லை. காலையில் மாடியில் கம்ப்யூட்டரில் மணி பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன், நேரம் இருந்தது. சாயங்காலம் வந்ததும் போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் நாலு நிமிஷம் பின்னால் இருக்கிறது! இந்தச் சோம்பேறியை நம்பியா நான் பஸ்ஸுக்கு ஓடினேன்? போனைப் பார்த்துக் கையாலேயே நிமிஷத்தைச் சரிசெய்தேன்.

செய்துவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை, திரையில் ஒரு வரி. அப்புறம் இன்னொன்று. எண்ணினால் எட்டு! நான் போட்ட கூச்சலில், விழுந்துவிட்டேன் என்று நினைத்து அவர் கரண்டியோடு மேலே ஓடி வந்தார்.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு எண் இருக்கிறது, அந்த ஆள் நேரத்திலிருந்து எவ்வளவு விலகிச் சீட்டி அடித்தார் என்று. எட்டுப் பேரும் ஏறக்குறைய இரண்டு விநாடி சீக்கிரம். உலகத்தில் எல்லோருக்கும் அப்படி என்ன அவசரமோ.

மார்ச் 13, வியாழன்

போச்சு. நேத்து மூணு வரி. இன்னிக்கு மறுபடி காலி. நான் எதையுமே தொடலையே! தொட்டாதானே கெடும்?

மார்ச் 14, வெள்ளி

பஸ் என் கண்ணெதிரே போனது. அடுத்ததில் ஏறி, "முன்னாடி போன வண்டிய சீக்கிரமே எடுத்துட்டாங்க" என்று கண்டக்டரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே, "ஸ்டாப்ல உங்களைத் தவிர யாருமே இல்லையேம்மா, மத்தவங்க எல்லாரும் அதுல ஏறிட்டாங்க. அத்தனை பேருமா சீக்கிரம் வந்தாங்க?" என்றார்.

இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் உறைத்தது. எட்டுப் பேரும் ஒரே அளவு சீக்கிரம் என்றால், யாரும் சீக்கிரம் இல்லை. நான்தான் லேட்; கையால் நிமிஷத்தைச் சரிசெய்தபோது விநாடியைக் கோட்டைவிட்டிருக்கிறேன். உலகம் முழுக்க எல்லோரும் ஒரே விநாடியில் ஆரம்பித்து ஒரே விநாடியில் நிறுத்துகிறார்கள். என் கம்ப்யூட்டர் அவர்கள் பாதி சொன்ன பிறகு காதைத் திறந்தால் என்ன புரியும்? ரேடியோவில் கோளாறு இல்லை, ஆன்டெனாவில் இல்லை. கடிகாரம்! இதை எந்தச் செயலாளரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன், பக்கத்திலிருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று செய்த வேலையை எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். கரன்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவதற்கு உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. நான் தினமும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவேன், அந்த உயிர் போகிற பேட்டரி இழுத்துப் பறித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. மாற்றினேன். ஆனால் புதுப் பேட்டரி போட்டாலும் எந்தக் கடிகாரமும் நாளாக ஆகக் கொஞ்சம் நழுவத்தான் செய்யும். அதற்கு இன்டர்நெட்டில் மணி சொல்வதற்கென்றே சர்வர்கள் இருக்கின்றன. நம் கம்ப்யூட்டர் அவற்றைக் கேட்டுத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்.

'நேரத்தைத் தானாகச் சரிசெய்' என்ற அந்த வசதி முதல் நாளிலிருந்தே ஆனில்தான் இருக்கிறது! பாவம், அது யாரைப் போய்க் கேட்கும்? மாடி அறைக்கு வைஃபை எட்டாது. போனிலிருந்து நெட் கொடுக்கலாம், ஆனால் போனை மாடியிலேயே கட்டிப்போட முடியுமா? ஹாலிலிருந்து மாடிப்படிச் சுவர் ஓரமாகக் கேபிள் இழுத்தேன். ஆணி நான் அடித்தேன், அவர் ஏணியைப் பிடித்தார். "கோணலா போகுது" என்று ஏழு தடவை சொன்னார். கோணலாகத்தான் போகிறது.

கேபிளைச் சொருகி, 'இப்போதே ஒத்திசை'யை அழுத்தினேன். அடுத்த கால் நிமிஷத்தில் திரை நிறைந்தது. எல்லோர் பக்கத்திலும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யத்தை ஒட்டி ஏதோ. பள்ளிக்கூடப் பரீட்சையில் பூஜ்யம் வாங்கி அழுதவள் நான். இன்று பூஜ்யத்தைப் பார்த்துக் கண் கலங்கியது.

மார்ச் 18, செவ்வாய்

பதில் வந்துவிட்டது! என் அழைப்புக்குறியை, லைசென்ஸோடு எனக்குக் கொடுத்த ரேடியோப் பெயரை, எழுதி ஒருவர் பதில் அனுப்பினார். கீழே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எந்த ஊரு?" என்றான் கொழுந்தன். சொன்னேன். "அதுக்கு நம்ம பஸ்ஸே போகுதே அண்ணி. பேச்சு கடலுக்கு அந்தப் பக்கம்."

மார்ச் 22, சனி

மறுபடி எல்லோரும் ஒரு விநாடி சீக்கிரம். இந்தத் தடவை நான் அவர்களைச் சந்தேகப்படவில்லை. தேடிப் பார்த்தால், 'தானாக' என்பது என் கம்ப்யூட்டரில் வாரத்துக்கு ஒரே ஒரு தடவையாம். மணிக்கு ஒரு தடவை கேள் என்று மாற்றி வைத்தேன். இப்போது இந்தத் தெருவிலேயே சரியான மணி என்னிடம்தான். நான்! சரியான மணி!

மார்ச் 27, வியாழன்

கடலுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் திரையில் நன்றாக வருகிறார்கள். ஆனால் ஒருவர் கூப்பிட்டால் நூறு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறோம். என்னுடையது தொட்டிமேல் கட்டிய ஒற்றைக் கம்பி, அந்தக் கூட்டத்தில் என் சத்தம் யாருக்குக் கேட்கும்?

கொழுந்தன் அளவு டேப்போடு மாடிக்கு வந்தான். சும்மா பார்க்க வந்தானாம். டேப்போடு என்ன சும்மா?

மார்ச் 31, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் நான் உட்கார்ந்தபோதே கொழுந்தன் வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டான். ஒரு மணி நேரம் கூப்பிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "போதும் அண்ணி, இறங்கி வாங்க" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

அப்போதுதான் அந்த ஒருவரைப் பார்த்தேன். கடலுக்கு அந்தப் பக்கம், ஏதோ தீவு. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை விட்டு விட்டு. எத்தனையோ பேர் பதில் சொல்கிறார்கள். அவர் யாருக்குமே மறுபதில் சொல்லவில்லை, மறுபடி மறுபடி கூப்பிடுவதோடு சரி. என்ன திமிர் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் பக்கத்திலிருந்த எண்ணைப் பார்த்தேன். எல்லோருக்கும் பூஜ்யம், அவருக்கு மட்டும் இரண்டு விநாடிக்கு மேல். லேட்.

திமிர் இல்லை. அவருக்குக் கேட்கவில்லை! திரை காலியாக இருக்கும், சீட்டி மட்டும் வந்துகொண்டிருக்கும், ஆன்டெனாவைத் திட்டிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியாதா அந்தக் காலித் தட்டு?

மணிக்கு ஒரு தடவை சரியாகிற என் கடிகாரத்தின் தானியங்கியை அணைத்தேன். கையால் இரண்டு விநாடி பின்னுக்குத் தள்ளினேன்.

"என்ன அண்ணி பண்றீங்க? இத்தனை நாள் கஷ்டப்பட்டுச் சரி பண்ணதை?"

"அவரு லேட்டு. நானும் லேட்டாப் போனாதான் அவருக்குக் கேக்கும்."

கூப்பிட்டேன். நின்றேன். உட்கார்ந்தேன். திரையில் என் அழைப்புக்குறி. அவர் எழுதியது, எனக்கு எழுதியது. நூறு பேரில் அவருக்குக் கேட்டது என் ஒருத்தி குரல்தான்! பதிலுக்குப் பதில் போய், வாழ்த்தும் வந்து முடிந்தபின், பதின்மூன்று எழுத்துதான் போகும் என்பதால் ஆங்கிலத்தில் சுருக்கமாக ஒரு வரி அனுப்பினேன், உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள் என்று. அப்புறம் தானியங்கியை மறுபடி போட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் மேலே வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "இது கடலுக்கு அந்தப் பக்கமா?" என்றார். கொழுந்தன்தான் பதில் சொன்னான்: "ஆமாண்ணா. ரெண்டு விநாடி லேட்டாப் போய்ப் பிடிச்சாங்க. நம்ம வீட்டுல வேற யாரால முடியும்?"

கேலிதான். ஆனாலும் அதை நான் ஆயுசுக்கும் வைத்துக்கொள்வேன்.

ஏப்ரல் 2, புதன்

கொழுந்தன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு காலையிலேயே மாடிக்கு வந்தான். "சரியா மணி சொல்லுங்க அண்ணி, வெச்சுக்கறேன்."

"விநாடியோடவா?"

"விநாடியோட."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் அந்தத் தீவுக்காரர் வந்தார். பக்கத்தில் பூஜ்யம். ஒருவர் மாற்றி ஒருவராக அவரோடு பேச வரிசை கட்டி நிற்கிறார்கள், அவர் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கூப்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே பஸ் போய்விட்டது. எத்தனை விநாடியில் விட்டேன் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும்.