மூடாத கானா

என் உயிரான பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உன்னை நினைத்து ஒரு வரிகூட எழுதவில்லை. உன்மேல் எனக்கு இருந்த சந்தேகம் உனக்கே தெரியும்.

வார்டு சபையில் உன்னைத் தேர்ந்தெடுத்த நாள் நினைவிருக்கிறதா? வார்டில் நடக்கும் வேலைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் கண்காணிப்புக் குழுவுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அன்று மட்டாஞ்சேரியில் உனக்காகக் கை தூக்கிய பெண்களில் பாதிப்பேர் உன்னிடம் ரவிக்கை தைத்தவர்கள். "அளவு தப்பாம தைக்கிறவ, அவளே அளக்கட்டும்" என்று பக்கத்து வீட்டுப் பாத்திமா இத்தா சொன்னதும் சபை சிரித்தது. கான்ட்ராக்டரின் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே தையல் டேப்போடு தெருவில் இறங்கிவிட்டாய்.

அப்போதுதான் நம் சந்தில் கானா கட்டினார்கள். சாக்கடையை நாம் அப்படித்தானே சொல்வோம். கடைசிவரை ஸ்லாப் போட்டு மூட வேண்டியதை, மசாலா மூட்டை அடுக்கும் கிட்டங்கியோடு நிறுத்திவிட்டார்கள். நீ கையெழுத்துப் போட மறுத்தாய். அந்த ஆள் நம் வீட்டுக்கு நடையாய் நடந்தான். பிறகு திடீரென்று வருவதை நிறுத்தினான். அதே மாதம் அத்தானுக்குக் கான்ட்ராக்டரிடம் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது.

வேலை முடிந்ததாக நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று பேச்சு வந்தது. அந்த மழையில் சந்து முழுக்கத் தண்ணீர் நின்றபோது, ஸ்லாப் இல்லாத இடத்தில் பாத்திமா இத்தா விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் உன்னிடம் துணி கொடுக்க யாரும் வரவில்லை.

கையெழுத்துப் போட்டாயா என்று நானும் கேட்டேன். "நான் ஒப்பு போடலடி" என்றாய், ஒரே ஒரு தடவை.

"அப்ப அத்தானுக்கு எப்படி வேலை கிடைச்சுது?"

நீ தையல் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டாய். நீ போட்டதாகவே நான் முடிவு செய்துவிட்டேன். மஞ்சள்காமாலையில் நீ கிடந்தபோதுகூடக் கலூரில் என் புகுந்த வீட்டிலிருந்து இரண்டு தடவைதான் வந்து பார்த்தேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு, பழைய ஃபைலை யாரும் கேட்கலாம் என்றார்கள். போன மாதம் மனுப் போட்டேன். உன் பேரைக் காப்பாற்ற அல்ல அக்கா. நீதான் போட்டாய் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான்.

வந்த நகலில் உன் கையெழுத்து மலையாளத்தில் இருந்தது. மலையாளம் பேசுவாயே தவிர, உனக்கு அதில் ஓர் எழுத்து எழுத வராது. ரேஷன் கடையில்கூடத் தமிழில்தான் போடுவாய். ஆனால் அந்த எழுத்தை நான் பார்த்திருக்கிறேன். என் கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதியவர் அத்தான்.

நகலை அவர் முன்னால் வைத்தேன். சாயா கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"நான்தான் போட்டேன். பின்னே, அவகிட்ட கேட்டா சம்மதிக்க மாட்டா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"வேலைக்குப் போன அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டா. அதுக்குப் பிறகு என் சட்டையில ஒரு பட்டன்கூட வெச்சுத் தரல."

ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? பிள்ளைகளை நினைத்தா? அத்தானைப் போலீஸ் பிடிக்கும் என்ற பயமா? இல்லை, சொன்னாலும் இவள் நம்பமாட்டாள் என்று தோன்றிவிட்டதா?

அவர் சொன்னதையும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. யார் எழுதச் சொன்னது, அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் தரையைப் பார்க்கிறார். அந்தக் கான்ட்ராக்டர் இன்றும் நம் வார்டில் வேலை எடுக்கிறான். அவன் வேலைகளுக்கெல்லாம் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

நகலைப் பாத்திமா இத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கம்பை ஊன்றி நின்றபடியே படித்தார். "அவ இருந்தப்போ நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வார்டு சபை. இத்தா வருகிறேன் என்றிருக்கிறார். அத்தான் வருவாரா, தெரியாது. யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் எழுந்து நிற்பேன். இது என் அக்கா போட்ட கையெழுத்து இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். அவளை எல்லாரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டது அவள் கூடப்பிறந்த நான்தான் என்பதையும் சொல்வேன்.

உன்னிடம் இரண்டாம் தடவை கேட்காமல் போன தங்கை,
செல்வி