அறுபத்து மூன்றாம் எண்

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பிரையனிக்கு,

நானும் உன் அம்மாவும் நாயும் நலம். நீயும் நார்வேயில் நலமாக இருக்கிறாய் என்று உன் சித்தப்பா லிண்ட்ஸி சொன்னான். என்னிடம் சொல்லவேண்டியதை அவனிடம் சொல்வது உனக்கு வழக்கமாகிவிட்டதால் இனி உன் சளி இருமலைக்கூட அவனிடமே விசாரித்துக்கொள்கிறேன். இங்கே மழை. மலை பல நாளாகக் கண்ணில் படவில்லை, அதற்காக யாரும் வருத்தப்படவும் இல்லை. இடித்து ஓட்டும் கார்ப் பந்தயத்தில் நீ ஓட்டிய காரின் எண்ணை, அறுபத்து மூன்றை, சித்தப்பா மகன் பிரென்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று போன ஆகஸ்டிலேயே நீ ஃபோனில் சம்மதித்துவிட்டாய் என்ற செய்தியை, பந்தயப் பருவமெல்லாம் முடிந்தபிறகு, கிளப்பின் பரிசளிப்பு விருந்தில் ஒரு கையில் சாசேஜும் மறுகையில் பீருமாக நின்றபடி நான் தெரிந்துகொண்டேன். ஆகஸ்டுக்கும் அந்த சாசேஜுக்கும் நடுவில், அந்த எண் உன் கையைவிட்டுப் போகாமல் இருக்க நான் என்னென்ன செய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். உனக்குப் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதிக்காவது வெட்கப்படு.

விதி உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. இரண்டு பருவம் தொடர்ந்து களத்தில் இறங்காத எண் கிளப்புக்குத் திரும்பிவிடும். வீட்டார் யாராவது அதை ஓட்டினால் எண் வீட்டிலேயே இருக்கும், ஆனால் ஓட்டுகிறவர் பருவம் முழுவதும் மைதானத்தில் சம்பளமில்லாமல் வேலையும் செய்ய வேண்டும். நீ கப்பலேறிப் போய் ஒரு பருவம் முடிந்திருந்தது. உன் கார், நீ கழற்றிப் போட்டுவிட்டுப் போனபடியே கொட்டகையில் எஞ்சின் இல்லாமல் கிடந்தது, ஓட்டுநர் இருக்கையில் கோழி அடை வைத்திருந்தது. நானோ பால் தொழிற்சாலை ஆய்வகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன், நீ ஓட்டிய நாலு வருடமும் கம்பிவேலிக்கு இந்தப்புறம் பிளாஸ்கோடு நின்று கண்ணை மூடிக்கொண்டவன், வாழ்க்கையில் ஒரு மனிதரையும் இடித்தவனல்ல. இருந்தாலும் என் மகள் என்றைக்காவது திரும்பி வந்தால் அவள் எண் அவளுக்கு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததுதான் தப்பு. கோழியை எழுப்பிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

இங்கே ஆகஸ்டுக் குளிரிலிருந்து நவம்பர் வரை கொட்டகையில்தான் கழிந்தது. வைதாரா பக்கம் ஒருவர் தோட்டத்தில் புதைந்து கிடந்த காரிலிருந்து எஞ்சின் கிடைத்தது. வளைந்திருந்த குழாய்களை வெட்டியெடுத்துப் புதுக் குழாய் வளைத்து வெல்டு வைத்தேன், பின் அச்சை இரண்டுமுறை தலைகீழாக மாட்டினேன், அதில் ஒருமுறை உன் அம்மா எட்டிப் பார்த்து அது தலைகீழ் என்றாள். பரிசோதனை நாளன்று கிளப்பின் ஆய்வாளர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, “இது யாரு அடிச்ச வெல்டு? கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்கு” என்றார். கோழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். கொஞ்சம் நகர்ந்து, “இந்தா, இது பிரையனியோடது. இதப் பாத்துக் கத்துக்கய்யா” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பருவம் முழுக்க நான் வைத்த வெல்டெல்லாம் ஒவ்வொன்றாகப் பிளந்தன, நீ வைத்தது ஒன்றும் பிளக்கவில்லை. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை, கார் எங்கே உடைந்தது எங்கே உடையவில்லை என்கிற தகவலாக மட்டும் சொல்கிறேன். புதுச் சிவப்புச் சாயத்தில் அறுபத்து மூன்று என்று எழுதி, படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். அந்த எண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்துவிட்ட பிறகு அனுப்பிய கட்டைவிரல் அது.

நம் கிளப்பில் பருவத்தின் முதல் பந்தயத்தில் மட்டும் நிற்கும் இடத்துக்குச் சீட்டுக் குலுக்குவதில்லை, எண் வரிசைப்படி ஒருவர் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும், கிளப்பை ஆரம்பித்தவர்கள் வைத்த வழக்கம். அதனால் நவம்பர் முதல் சனிக்கிழமை எனக்கு முன்னால் அறுபத்திரண்டாம் எண்ணில் ஹோஹெப்பா நின்றான், அவன் காரும் அவனைப் போலவே அகலம். பச்சைக் கொடி விழுந்ததும் பிரேக் என்று நினைத்து வேறெதையோ மிதித்து அவன் முதுகில் போய் முட்டினேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று பந்தயம் முடிந்ததும் தேடிப் போனால் அவன் சிரித்துக்கொண்டு, “பெருசு, இடிக்கிறதுன்னா இடி. இப்பிடி முதுகு சொறிஞ்சு விட்டா எனக்குத் தூக்கம் வருது” என்றான். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயைக்கூட இரண்டு கையால் பிடித்தவனிடம் ஒருவன் இப்படிச் சொல்வது எனக்குப் புதிது. ஒன்று மட்டும் புரிந்தது. இந்த விளையாட்டில் பின்னாலிருந்து இடிப்பது குற்றமல்ல, இடிக்காமல் இருந்தால்தான் காரணம் கேட்பார்கள்.

சம்பளமில்லாத வேலையைப் பற்றிச் சொல்கிறேன். உன் சித்தப்பா கிளப்பின் தலைவன் அல்லவா, தலைவர் என்பவர் கையை நீட்டிக் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஒவ்வொரு வாரமும் ஃபோன் வரும், “அண்ணே, உன்னை விட்டா எனக்கு யாருண்ணே இருக்கா” என்று குழைவான். சுற்றுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கம்பிவேலி தைத்தேன். ஓடுதளத்துக்கு மண் கொட்டினேன், கொட்டிய மண்ணில் கல் பொறுக்கினேன், பந்தயத்தன்று காலையில் புழுதி அடங்கத் தண்ணீர் வண்டி ஓட்டினேன், கார் கவிழ்ந்தால் டிராக்டரில் போய்க் கட்டி இழுத்தேன். அவன் மகன் பிரென்ட் நூற்றுப் பதினெட்டாம் எண்ணில் ஓட்டினானே, அவன் ஒரு கல் பொறுக்கினானா என்று கேள். அவனுக்குத் தோள்பட்டை சரியில்லையாம். பந்தயத்தில் என்னை மூன்றுமுறை சுவரோடு அழுத்தி நசுக்கியபோது அந்தத் தோள்பட்டை நன்றாகவே இருந்தது. இறங்கி வந்து என் முதுகில் தட்டி, “பெரியப்பா, வயசான காலத்துல வீட்டுல பூச்செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கலாம்ல?” என்று கேட்டான்.

தண்ணீர் ஊற்றச் சொன்னது அவன்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை தண்ணீர் வண்டியில் சுற்றிவரும்போது மூன்றாம் வளைவின் வெளியோரத்தில் மண் மிகவும் காய்ந்திருப்பதாக எனக்குப் பட்டது. பிரென்ட் எப்போதும் அந்த ஓரமாகத்தான் வளைவான் என்பது தற்செயல். இன்னொரு சுற்று ஊற்றினேன், அதற்கு மேலும் ஒரு சுற்று ஊற்றினேன், பண்ணைக்காரனுக்கு நிலத்தின் மீது இருக்கும் அக்கறை எனக்கு அன்றைக்கு வந்தது. மாலையில் பந்தயத்தில் பிரென்ட் அந்தச் சேற்றைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு உள்ளோரமாக வளைந்து போனான், அவனுக்கு இடம் விட மறுத்து இடிபட்ட ஹோஹெப்பா வெளியே ஒதுங்கி வந்து என்னை ஒரு தள்ளு தள்ள, நான் ஊற்றிய தண்ணீரில் நானே வழுக்கிப் போய்ச் சுவரில் ஏறித் தலைகீழாகக் கவிழ்ந்தேன். பெல்ட்டில் தொங்கிக்கொண்டு டிராக்டருக்காகக் காத்திருந்தபோதுதான் அன்றைக்கு டிராக்டர் ஓட்டும் முறை என்னுடையது என்று நினைவுக்கு வந்தது. பெல்ட்டை அவிழ்த்துத் தலையில் விழுந்து, ஊர்ந்து வெளியே வந்து, நடந்து போய் டிராக்டரை எடுத்து வந்து, என் காரை நானே கட்டி இழுத்துப் போனேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பந்தயத்தில் வென்றது பிரென்ட், அவனுக்கு அவ்வளவு கைதட்டல் இல்லை.

இப்படிப் பருவம் முடிந்தது. விதி கேட்ட பந்தயங்களை ஓட்டிவிட்டேன், விதி கேட்டதற்கு மேலேயே வேலை செய்துவிட்டேன், எண் பத்திரமாக உன்னுடையது என்று நினைத்துக்கொண்டு விருந்துக்குப் போனேன். மேடையில் லிண்ட்ஸி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அடுத்த சீசன்ல இருந்து நம்ம பிரென்ட் அறுபத்து மூணுல ஓட்டப் போறான், பிரையனி போன வருஷமே மனசாரக் குடுத்துட்டா, தங்கமான புள்ள” என்று அறிவித்தான். எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள், நான் ஏதோ மகளைத் தாரைவார்த்துக் கொடுத்ததைப் போல. கீழே இறங்கியவனைப் பிடித்து, பிறகு ஏண்டா என்னைக் கல் பொறுக்க விட்டாய் என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் கூசாமல், “ஆளு கிடைக்கலண்ணே. சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?” என்றான். அவன் தலைவனாக இருப்பதற்குத் தகுதியானவன்தான் என்று அப்போது ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் உன் அம்மாவிடம், “உனக்கும் தெரியுமா?” என்றேன். மைதானத்தில் பருவம் முழுக்க சிப்ஸ் பொரித்தவள், முடியில் எண்ணெய் வாசனையோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, தெரியும் என்றாள். நீ அவளிடம், “அப்பா சந்தோஷமா இருக்காரும்மா, போட்டோல பாத்தாலே தெரியுது, இப்ப சொன்னா காரை அப்பிடியே போட்டுருவாரு, சீசன் முடியட்டும்” என்று சொன்னாயாமே. நான் சந்தோஷமாக இல்லை. இது எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதமே. ஹெல்மெட் போட்டால் என் கன்னம் மேலே ஒதுங்கும், அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பு என்று நினைத்திருக்கிறாய். உன் எண் உனக்கு வேண்டாமென்றால் அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டும், நான் வருத்தப்பட்டிருப்பேன், பிறகு தோட்டத்தைக் கொத்தியிருப்பேன். உனக்காக என்று நினைத்து இத்தனை மாதம் சேற்றில் புரண்டவனை நீங்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். அதை அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பதாக இல்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. பிளம் இந்த வருடம் நிறையக் காய்த்தது, அம்மா ஜாம் போட்டிருக்கிறாள், உனக்கு அனுப்பக்கூடாது என்று சொல்லிப் பார்த்தேன், அனுப்பிவிட்டாள். என் முழங்கால் பரவாயில்லை. அந்தக் கோழி மறுபடி காரில் ஏறப் பார்க்கிறது, விடவில்லை. அங்கே குளிரில் கடலில் வேலை செய்யும்போது கையுறையைக் கழற்றாதே, வெல்டிங் கண்ணாடியில் கீறல் விழுந்தால் உடனே மாற்று, இருட்டிலேயே இருக்கிறோம் என்று இரண்டு வேளை சாப்பாட்டை ஒரு வேளையாக்காதே.

கார் கொட்டகையில்தானே இருக்கிறது, எண்தானே போயிற்று. நேற்றுக் கிளப்புக்குப் போய் அடுத்த பருவத்துக்கு அறுபத்து நாலாம் எண் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். அது யாரிடமும் இல்லை. லிண்ட்ஸிக்குக் கண் கலங்கிவிட்டது, “பெரியப்பனும் மகனும் பக்கத்துப் பக்கத்து நம்பரு, நம்ம குடும்பம்னா குடும்பந்தாண்ணே” என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். பாவம், கிளப்பை ஆரம்பித்தவர்கள் வைத்த வழக்கமெல்லாம் தலைவனுக்கு நினைவில் இருக்க முடியுமா. முன்பக்க பம்பரைப் புதிதாகத் தடித்த குழாயில் செய்துகொண்டிருக்கிறேன், இந்தமுறை வெல்டுக்கு உன்னுடையதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன், ஆய்வாளரே கொட்டகைக்கு வந்து படுத்துப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

நீ நல்லபடியாக இரு. உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்பதே என் ஆசி, கோபத்தோடு கொடுத்தாலும் ஆசி ஆசிதான். நவம்பர் முதல் சனிக்கிழமைக்கு விடுப்புக் கேட்டு வை, டிக்கெட் விலை ஏறுவதற்குள் எடு, வேலிக்கு இந்தப்புறம் நான் நிற்கும் இடம் காலியாகத்தான் இருக்கும், பிளாஸ்க் அம்மாவிடம் இருக்கிறது. அதுவரை பிரென்டிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. சொல்லாமல் இருப்பது உனக்குக் கைவந்த கலை.

உன் அப்பா,
ஆல்வின் (64)