ஆறாம் வகுப்புக்குக் குறைந்த மின்னதிர்ச்சி போதாது

அனுப்புநர்
மினெகிஷி சிஹரு,
ஆறாம் வகுப்பு,
ஹமசோனோ தொடக்கப்பள்ளி, மினாசே.

பெறுநர்
கல்வி வாரியத் தலைவர் அவர்கள்,
நகர அலுவலகம், மினாசே.

பொருள்: நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியில் உள்ள குழந்தைப் படத்தருகே விளக்கச் சீட்டு ஒட்டக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் பேஸ்பால் பயிற்சியில் என் வகுப்புத் தோழன் தோமாவின் மார்பில் பந்து பட்டது. இரண்டடி நடந்து விழுந்தான். மூச்சு இல்லை. பள்ளிச் சுவரிலிருந்த கருவியை நான்தான் ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

2. அதில் ஒரு விசை உண்டு. குழந்தைப் படம் உள்ள பக்கம் தள்ளினால் மின்சாரம் குறைந்துவிடும். பயிற்சியாளர் ஒகுயாமா அவர்கள் அந்தப் பக்கம் தள்ளினார். "ஆறாங்கிளாஸ் வரைக்கும் பஸ்ல அரை டிக்கெட்தானே, இதுவும் அப்படித்தான்" என்றார். "கோச், அது பள்ளிக்கூடம் சேராத வாண்டுங்களுக்கு. நம்ம பள்ளிக்கு முதலுதவி சொல்லித்தர வந்த தீயணைப்பு நிலையத்து அக்கா சொன்னாங்க" என்றேன். "நீ சும்மா இரு, சிஹரு" என்றார். நான் சும்மா இருக்கவில்லை. விசையைப் பெரியவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு பொத்தானை அழுத்தினார்.

3. ஐயா, தோமா இருமினான். மருத்துவமனையிலிருந்து திரும்பி, இந்தத் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தான். "பஸ்ல அரை டிக்கெட், கரண்ட்ல மட்டும் எனக்கு முழு டிக்கெட்டா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார்.

4. பயிற்சியாளர் நல்லவர், அப்பாவின் நண்பர். அவரைக் கண்டிக்க வேண்டாம். அந்தப் படத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பின் எழுதுகிறேன். பெரியவரைக் குறை சொன்னேன் என்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

5. வரும் ஞாயிறு எட்டுப் பள்ளிகளுக்கு இடையே போட்டி. எல்லாப் பள்ளிகளிலும் இதே கருவி, இதே படம். அங்கே யாராவது விழுந்தால் விசையை யார் திருப்புவார்கள்?

ஆகவே, "பள்ளியில் சேராத குழந்தைகளுக்கு மட்டும்" என்ற சீட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாக் கருவிகளிலும் ஒட்ட ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏழு பள்ளிகளுக்கான சீட்டுகளை எழுதி, வெட்டி, இத்துடன் வைத்துள்ளேன். எட்டாவதை எங்கள் பள்ளிக் கருவியில் யாரையும் கேட்காமல் இன்று மாலையே ஒட்டிவிட்டேன். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, அதை மட்டும் கிழித்துவிட வேண்டாம்.

இடம்: மினாசே
நாள்: ஜூன் 12

தங்கள் பணிவுள்ள,
மினெகிஷி சிஹரு