முலுகேத்தா இருக்கும் இடம்

சான் ஹோசே
4 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகம்தானே? இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், பையன் பிரணவ் காதில் விழும். அதனால்தான் இந்த மெயில்.

இவர் எத்தியோப்பியாவுக்கு லீவில் போகவில்லை அண்ணா. இவர் பிறந்த வொல்கைட் மாவட்டம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று முப்பது வருஷத்துக்கு மேலாகத் தகராறு. நாங்கள் அம்ஹாரா இனத்தார், எங்களை டிக்ரே மாநிலத்தோடு சேர்த்தது தப்பு, அதைத் திருத்தி எழுதுங்கள் என்று இவருடைய சங்கம் கேட்கிறது. என் ஆபீஸில் லெட்டே என்று ஒரு டிக்ரே பெண். அவள் அம்மாவின் வீடும் அங்கேதான் இருந்தது, போரில் விரட்டிவிட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. போகாதீர்கள் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "உங்க ஊர் மாதிரியே எங்களுக்கும் பேரோட அப்பா பேர்தான் சேர்ந்து வருது. அந்த அப்பா அம்ஹாரான்னு எழுத விடலைன்னா நான் யாரு, ஸ்வர்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அங்கே சங்கக் கூட்டத்தில் இவரோடு பேசியவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். யார் பிடிக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. இவர் கோண்டார் ஊரில், சிநேகிதரின் மாவு மில் மாடியில் ஒளிந்திருக்கிறார்.

அனந்தராமன் அங்கிளுக்கு உங்கள் தொகுதி காங்கிரஸ்மேன் ஆபீஸில் ஆள் தெரியும் என்றீர்களே. அவரிடம் மட்டும் சொல்லுங்கள். உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

உங்கள் அன்புத் தங்கை,
ஸ்வர்ணா


எடிசன்
9 மார்ச் 2024

அன்புள்ள ஸ்வர்ணாக்குட்டிக்கு,

இத்தனை நாள் என்னிடம் மறைத்தாயே, அதுதான் என் வருத்தம். போகட்டும். அண்ணன் இருக்கிறேன், தைரியமாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அனந்தராமன் விசாரித்தார். பேப்பர் எல்லாம் வேண்டும், நாளாகும் என்றார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் வீட்டு மாப்பிள்ளை முலுகேத்தாவுக்கு ஒன்று என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? நாலு பேர் காதில் போட்டால்தானே காரியம் நடக்கும்! நேற்று தமிழ்ச் சங்கம் குரூப்பில் போட்டுவிட்டேன். உன் கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு சிரிக்கிறாரே, அந்தப் படம். இங்கே ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைக்காரர்கள் வரை ஷேர் பண்ணியிருக்கிறார்கள். வாஷிங்டன் பக்கத்து எத்தியோப்பியர்கள்கூட எடுத்து அவர்கள் மொழியில் போட்டிருக்கிறார்கள், பாரேன்.

விவரம் அரைகுறையாக இருந்தால் உதவிக்கு வருகிறவன் எங்கே போய்த் தேடுவான்? அதனால் கோண்டார், மில், மாடி எல்லாம் தெளிவாகக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை நல்லபடியாக வந்து சேருவார். பவளம் அண்ணி வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்குச் சொல்லியிருக்கிறாள்.

என்றும் உன் அண்ணன்,
பத்மநாபன்


9 மார்ச்

அண்ணா, அதை எடுங்கள். இப்போதே எடுங்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் கோயிலில் இருப்பீர்கள் போல. இதைப் பார்த்த நிமிஷம் எடுத்துவிடுங்கள். ஷேர் பண்ணியவர்களிடமும் சொல்லுங்கள். அண்ணா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஸ்வர்ணா


எடிசன்
17 மார்ச் 2024

ஸ்வர்ணாம்மா,

அன்றைக்கே எடுத்துவிட்டேன். தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லி எடுக்க வைத்தேன். ஒரு வாரமாக நீ போனை எடுக்கவில்லை. என்ன ஆயிற்று என்று யாரிடம் கேட்பது? அண்ணி சரியாகத் தூங்குவதே இல்லை. டிக்கெட் போட்டுவிட்டோம், சனிக்கிழமை வருகிறோம். என்னை நாலு வார்த்தை திட்டவாவது திட்டு.

அண்ணன்


சான் ஹோசே
20 மார்ச் 2024

அண்ணாவுக்கு,

மில்காரரின் மனைவி யார் மூலமாகவோ செய்தி அனுப்பினாள். நீங்கள் எடுப்பதற்குள் அது அந்த ஊர் வரை போய்விட்டது. ஆட்கள் நேராக மாடிக்கே ஏறியிருக்கிறார்கள். இவரோடு மில்காரரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட ஓர் இடம் இல்லை. பத்து நாளாக, தெரிந்த நம்பருக்கெல்லாம் அடித்து ஓய்ந்துவிட்டேன்.

பாசத்தில்தான் செய்தீர்கள். தெரியும். தெரிந்தும் வயிறு எரிகிறது. திட்டச் சொன்னீர்கள், திட்டினால் தீர்ந்துபோகிற கோபமா இது?

அப்பா இருந்த இடத்தை யார் சொன்னது என்று பிரணவ் கேட்டான். ஊரில் யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள், அம்மாவுக்கும் ஆள் தெரியவில்லை என்றேன். நம்பிவிட்டான். எடிசனுக்குப் போன் போட்டு மாமாவை வரச் சொல்லு, மாமா இருந்தால் ஏதாவது செய்வார் என்று அழுகிறான்.

நீங்கள் வாசலில் வந்து நின்றால் அந்தப் பொய்யை என்னால் காப்பாற்ற முடியாது. டிக்கெட்டை கேன்சல் பண்ணுங்கள். அவனுக்கு மாமாவாவது மிஞ்சட்டும்.

ஸ்வர்ணா