ஆறு பேருக்கு ஒரே வீடு

ஜூன் 2

அன்பு வாலுவுக்கு,

தாய்மாமன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். போன் எடுக்காத காட்டு முகாமில் மூன்று மாதம் பயிற்சி என்று நீ வண்டி ஏறியதிலிருந்து, உன் ஆறு டாரன்டுலா சிலந்திக் குட்டிகளும் என் கண்ணாடிக் கடையில் ராஜவாழ்க்கை வாழ்கின்றன. "முடி முளைச்ச அந்தச் சனியனுங்க இருந்தா நான் வீட்டுல இருக்க மாட்டேன்"னு உன் அம்மா சொன்னாளே, அதனால் ஆறு டப்பாவும் கடை மேஜையில்தான். நான் எட்டாவதோடு நிறுத்தியவன்தான். ஆனால் சிலந்தி விஷயத்தில் பேராசிரியர்களே என்னிடம் டியூஷன் வரலாம். நேற்று ஜன்னலுக்கு அளவு கொடுக்க வந்தவர் இவர்களைப் பார்த்துவிட்டு வாசல்வரை பின்பக்கமாகவே நடந்தார். "பயப்படாதீங்க, நான் விசில் அடிச்சா அப்படியே உட்கார்ந்துடும்"னேன். நம்பிவிட்டார்.

புழுவைத் துண்டு போட்டுக் கொடுக்கிறேன். இரண்டு பேருக்கு டப்பாவில் கால் நீட்ட இடமில்லை. என்ன செய்யட்டும்?

உன் தாய்மாமன்


ஜூன் 11

அன்புள்ள மாமாவுக்கு,

விசில் சங்கதியைப் படித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. மிளகு அளவில் வாங்கியவை, இவ்வளவு வளர்ந்துவிட்டனவா? பெரிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு ஈர மண். டப்பாவைப் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடியைத் திறந்து, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் பின்னங்காலைத் தொட்டால் தானே நடந்து போகும். ஊதாதீர்கள், மிரண்டு ஓடும். கீழே விழுந்தால் வயிறு வெடித்துவிடும்.

எல்லோரும் முகத்தைச் சுளித்தபோது "கொண்டா இங்க" என்று கை நீட்டியவர் நீங்கள் ஒருவர்தான். அந்தத் தைரியத்தில்தான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன்.

உங்கள் வாலு


ஜூன் 24

அன்பு வாலுவுக்கு,

வேலை அமர்க்களமாக முடிந்தது. இரண்டு பேரை மட்டும் மாற்றினால் மற்ற நாலு பேரும் என்ன நினைப்பார்கள்? எட்டு மில்லிமீட்டர் கண்ணாடியில், மூன்றடி நீளத்துக்கு ஒரு பங்களா கட்டி ஆறு பேரையும் குடிவைத்துவிட்டேன். ஒரே வயிற்றில் பிறந்ததுகள் தனித்தனி டப்பாவில் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல் வளர்வது என்ன நியாயம்? உனக்கு ஏன் இது தோன்றவில்லை என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

மாற்றும்போது ஒருவன் என் கைவழியே தோள்வரை ஓடினான். பக்கத்துக் கடைத் தையல்காரர் மேஜைமேல் ஏறி நின்றுகொண்டார். "இறங்குய்யா, அது உனக்கு அளவெடுக்க வரல"ன்னேன். இன்று நாலாவது நாள். ஆறு பேரும் ஒருவரையொருவர் துரத்தி விளையாடுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

உன் தாய்மாமன்


ஜூலை 3

மாமா,

நலமா என்று கேட்கத் தோன்றவில்லை. தபால் வண்டி கிளம்ப இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது.

அவற்றுக்கு அண்ணன் தம்பி தெரியாது மாமா. பக்கத்தில் எது அசைந்தாலும் அது இரை. இதைப் படித்த உடனே பிரித்துவிடுங்கள். ஒன்றுக்கு ஒரு பெட்டி என்று நான் எழுதவில்லை. சேர்த்து வைக்க யாருக்காவது தோன்றும் என்று நான் நினைக்கவேயில்லை.

நீங்கள் எப்போதும் ஒன்றை நான்காகச் சொல்கிறவர். இதுவும் அப்படித்தான் என்று எழுதுங்கள். பங்களாவே இல்லை, ஆறும் பழைய டப்பாவில்தான் இருக்கின்றன என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் நீங்கள் கூட்டிச் சொன்னது எது? அதை மட்டும் சொல்லுங்கள்.

வாலு


ஜூலை 12

அம்மா வாலு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு கரண்டியால் மண் முழுவதையும் புரட்டினேன். ஒன்று இருக்கிறது. மற்ற ஐந்தில் சில கால்கள்தான் கிடைத்தன. தையல்காரர் வந்து, "என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"ன்னார்.

நீ கேட்டதற்குப் பதில். பங்களா நிஜம். ஆறும் விளையாடுகின்றன என்று எழுதினேனே, அதுதான் நான் கூட்டியது. அன்று எண்ணியபோது நாலுதான் இருந்தன. மற்றவை மண்ணுக்குள் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு என்றால் கடிதம் களைகட்டாது என்று ஆறாக்கினேன். உள்ளபடி எழுதியிருந்தால், எழுதும்போதே எனக்கு உறைத்திருக்கும்.

இதே ஜாதிக் குட்டிகள் ஐந்து வாங்கி வைத்துவிடலாம், உனக்குத் தெரியவா போகிறது என்றும் நினைத்தேன். விற்கிற கடை வாசல்வரை போய்த் திரும்பினேன்.

மிஞ்சியதைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் முகத்தையும்தான்.

உன் தாய்மாமன்


ஜூலை 21

மாமாவுக்கு,

ஐந்து என்ற சொல்லுக்குமேல் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். மன்னித்தேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

இதற்கிடையில் என் சிநேகிதிக்கு எழுதி, மிஞ்சியதை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். இனி உங்களை நம்பி எதையும் விடக் கூடாது என்றுதான் சொன்னேன். உங்கள் கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு, போக வேண்டாம் என்று அவளுக்கு இன்று எழுதிவிட்டேன்.

அது உங்களிடமே இருக்கட்டும். வாரம் ஒரு முறை எழுதுங்கள், மாமா. பார்த்ததை மட்டும்.

வாலு